பரண் தீட்டு

ஒற்றைச் சொல் ஓர் ஊரை எந்தப் பாடு படுத்தும் என்று தெரிய வேண்டுமானால் நாவக்காட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும். கரியாலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, அருவி பார்க்கிற கூட்டம் போகிற பக்கம் போகாமல், எதிர்ப்பக்கம் மண்பாதையில் ஏறினால் வருகிற ஊர் அது. கொஞ்சம் சாமை, கொஞ்சம் மரவள்ளி, மீதிப் பிழைப்பெல்லாம் ஆடு. கோடையில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு காட்டுக்குள் போய்ப் பட்டி போட்டுத் தங்குவார்கள். மழை பிடித்தால் ஊர் திரும்புவார்கள். காட்டுக்குள் வனத்துறை வேலி வந்த பிறகு அந்தப் போக்குவரத்து குறைந்துபோனது. ஆடுகள் வருஷம் முழுக்க ஊர்ப்பட்டியில், தங்கள் மூத்திரச் சேற்றிலேயே நின்று குளம்பு அழுகிச் சாக ஆரம்பித்தன.

அந்தச் சமயத்தில்தான் திட்டம் வந்தது. மலைப் பெண்களுக்கு ஆடும், ஆடு படுக்கத் தரையிலிருந்து ஆள் உயரத்துக்குத் தூக்கிக் கட்டிய மரக்கொட்டகையும். கால்நடை டாக்டர் தனசேகரன் பள்ளிக்கூட வாசலில் ஊரைக் கூட்டி வைத்து விளக்கினார். தரையின் மரச்சட்டங்களுக்கு நடுவே சந்து விட்டிருப்பதால் புழுக்கையும் மூத்திரமும் கீழே விழுந்துவிடும், மேலே ஈரமே இருக்காது, நோய் அண்டாது என்றார். ஆடும் கொட்டகையும் பெண்கள் பேரில்தான், ஆண்கள் பேரில் கிடையாது என்று இரண்டு தரம் சொன்னார். எல்லாம் சரியாகத்தான் சொன்னார். கடைசியில் அதற்கு ஒரு பெயர் சொன்னார் பாருங்கள், அங்கேதான் வினை வந்தது.

"இதுக்குப் பேரு பரண்மேல் ஆடு வளர்ப்பு."

கொட்டகை என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். மேடை என்றிருக்கலாம். புத்தகத்தில் பரண் என்று போட்டிருந்தது, மனிதரும் பரண் என்றே சொன்னார்.

நாவக்காட்டில் பரண் என்றால் விளையாட்டுக் காரியம் இல்லை. விதைச் சாமையும் சாமிப் பெட்டியும் இருக்கிற இடம் அது. பொம்பளை பரண் ஏறக்கூடாது. ஏறிவிட்டால் பரண் தீட்டு. ஏறினவளே ஊர்த்தலைவரான மூப்பன் காலில் விழுந்து, 'தப்பு பண்ணிட்டேன்' என்று தன் வாயால் சொல்லும்வரை அந்தப் பரணையும் அதிலிருக்கும் பொருளையும் எந்த ஆம்பளையும் தொடக்கூடாது. தொட்டால் அவன் கையால் போட்ட விதை முளைக்காது. இந்த வழக்கத்தைக் கட்டிவைத்தவர்கள் கெட்டிக்காரர்கள். விதைக்கிற பருவத்தில் விதை தொடமுடியாமல் பரணில் கிடக்கும்போது, எந்தப் பெண்ணால் வீம்பு பிடிக்க முடியும்? நாவக்காட்டில் பரண் ஏறி மாட்டிக்கொண்ட பெண்கள் எல்லாருமே இருட்டுவதற்குள் விழுந்து எழுந்தவர்கள்தான்.

ஆக, ஏழு பெண்கள் பேரில் ஏழு பரண் வந்தது, அந்த ஏழு பேரும் அதில் ஏறக்கூடாது என்றும் ஆயிற்று. திறப்பு விழாவில் போட்டோ எடுத்தார்கள். ஆம்பளைகள் எல்லாம் தலையை வாரிக்கொண்டு மேலே நின்றார்கள். பொம்பளைகள் கீழே தழைக்கட்டோடு நின்றார்கள். 'மகளிர் முன்னேற்றம்' என்று எழுதிய துணியை மேலே நின்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். கீழே நின்றவர்களுக்கு அது தலைக்கு மேல் தெரிந்தது, எழுத்து தலைகீழாக.

குஞ்சம்மாளும் கீழேதான் நின்றாள். அவளுக்கு அன்றைக்கே எரிச்சல். கல்யாணமாகி வரும்போது சேராப்பட்டுப் பக்கத்திலிருந்து தாய்வீட்டு ஆடு இரண்டைக் கயிறு பிடித்து ஓட்டிக்கொண்டு வந்தவள் அவள். இரண்டு பெருகிப் பட்டி நிறைந்தது. பிறகு ஒவ்வொன்றாகப் போனது. மாமனார் காரியத்துக்கு ஒன்று, திருவிழாவுக்கு ஒன்று, கொழுந்தனாரின் கோர்ட்டுச் செலவுக்கு இரண்டு. 'குஞ்சம்மா, எடுத்துக்கட்டுமா?' என்று கேட்டு எடுத்தவர் ஒருத்தர் இல்லை. காலையில் தழை போடப் போனால் முளைக்குச்சி மட்டும் நிற்கும். கடைசி ஆடு போன அன்று அவள் அடுப்பே பற்றவைக்கவில்லை. இனி என் கைக்கு ஓர் ஆடு வந்தால் அதை என்னைக் கேட்காமல் ஒருத்தன் அவிழ்த்துப் பார்க்கட்டும் என்று அன்றைக்குத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். இப்போது திட்டத்தில் வந்த ஆடுகள் அந்தச் சொல்லுக்குப் பின்னால் வந்தவை.

புருஷன் இருசப்பன் நல்லவன். நல்லவனாக இருப்பதைத் தவிர வேறெதுவும் செய்யாதவன். தழை வெட்டுவது, சுமப்பது, தண்ணீர் தூக்குவது, கீழே விழுந்த புழுக்கையை அள்ளுவது எல்லாம் குஞ்சம்மாள். அவள் நீட்டுகிற தழையை மேலே நின்று வாங்கிக் கட்டுவது மட்டும் அவன். அதற்கும் அவன் கூப்பிட்டால் வருவதில்லை. ஆடு இருமினால் இவள் ஊரெல்லாம் தேடிப்போய் அவனைக் கூட்டிவந்து ஏற்ற வேண்டும்.

ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் மூப்பன் ஆதிமூலம் ஊர் ஆம்பளைகளையெல்லாம் டெம்போவில் ஏற்றிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் போனார். ஆதிமூலம் இருசப்பனுக்குக் கூடப்பிறந்த அண்ணன். நாவக்காட்டில் முதல் மாடி வீடு கட்டுகிறவர். டைல்ஸ் ஏற்றி இறக்க ஆள் வேண்டும். இருசப்பனும் போய்விட்டான். மத்தியானம் போல் செவலை ஆடு மேலே கத்த ஆரம்பித்தது.

தலைச்சன் ஈற்று. கீழே நின்று சந்து வழியாகப் பார்த்த குஞ்சம்மாளுக்கு ஒரு குளம்பு மட்டும் வெளியே வந்து நிற்பது தெரிந்தது. இன்னொரு கால் மடங்கியிருக்கிறது. கைவிட்டு நிமிர்த்தாவிட்டால் தாயும் போகும், குட்டியும் போகும். அவள் ஏறுபலகையில் ஒரு கால் வைத்தாள். எதிர்வீட்டு வாசலிலிருந்து தைலம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். தைலம்மாள் மூப்பன் பெண்சாதி, குஞ்சம்மாளுக்கு ஓரகத்தி. அவள் பேரிலும் ஒரு கொட்டகை உண்டு.

"ஏறாதடி குஞ்சு. அவருக்குத் தெரிஞ்சா வுடமாட்டாரு."

"அப்ப நீயே சொல்லுக்கா. இன்னா பண்ணட்டும்?"

ஆடு இன்னொரு முறை கத்தியது. இந்த முறை சத்தம் கம்மியாக வந்தது. தைலம்மாள் எழுந்தாள்.

"நான் ஒண்ணியும் பாக்கல," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

குஞ்சம்மாள் ஏறினாள். முதல் இரண்டு அடிக்குக் கால் நடுங்கியது, பொய் சொல்வானேன். மேலே போய் நின்றதும் நடுக்கம் போய்க் கோபம் வந்தது. இத்தனை நாளும் அண்ணாந்து பார்த்துப் பயந்த இடத்தில் என்ன இருந்தது? மூலையில் பீடித் துண்டுகள். சட்டத்தின் இடுக்கில் குவார்ட்டர் பாட்டில் ஒன்று. பெருக்காமல் விட்டதில் பாதிச் சந்துகளைப் புழுக்கை அடைத்து, அந்த ஈரத்திலேயே செவலை படுத்துக் கிடந்தது.

கையைக் கழுவிக்கொண்டு மண்டியிட்டாள். மடங்கிய காலை உள்ளேயே தேடிப் பிடித்து நிமிர்த்தி, ஆடு முக்குகிற நேரம் பார்த்து இழுத்தாள். குட்டி வழுக்கிக்கொண்டு மடியில் விழுந்தது. மூக்கைத் துடைத்து, தலைகீழாகப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கியதும் தும்மியது. பெட்டைக் குட்டி. குஞ்சம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த மழையில் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள்.

கீழே இறங்கிய பிறகுதான் பயம் வந்தது. இருசப்பன் வந்து குட்டியைப் பார்த்து, "தானாவே ஈனிடுச்சா? கெட்டிக்கார ஆடு," என்றான். அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தைலம்மாளும் வாய் திறக்கவில்லை. விஷயம் அதோடு அமுங்கிப்போயிருக்கும். மூப்பன்தான் விடவில்லை.

மறுநாள் காலை ஆதிமூலம் கயிறோடு வந்தார். புதுவீட்டுக்குக் குடிபோகிற விருந்து நெருங்கிவிட்டது. மலைக்குக் கீழே, கீழ்நாட்டிலிருந்து காண்ட்ராக்டர் பூமாலையும் அவர் ஆட்களும் ஜீப்பில் வருகிறார்கள். கறிச்சோறு போட வேண்டும். விருந்தன்று மற்ற கொட்டகைகளில் தலைக்கு ஒன்று, தம்பி வீட்டில் மட்டும் மூன்று, அந்த மூன்றை இப்போதே ஓட்டிப்போய்த் தன் வாசலில் கட்டித் தீனி போட்டுத் தேற்றுவது என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். வந்தவர் குஞ்சம்மாளைப் பார்க்கவேயில்லை. தம்பியைப் பார்த்துப் பேசினார்.

"டேய், அந்தக் கிடா ரெண்டு, அந்தக் கருப்புப் பெட்ட ஒண்ணு. அவுத்து வுடு."

"பெட்டை சினையா இருக்குதுங்க மாமா," என்றாள் குஞ்சம்மாள்.

"உன்னக் கேட்டனா? டேய், ஏறு."

இருசப்பன் ஏறுபலகை பக்கம் நகர்ந்தான். குஞ்சம்மாள் அவன் காலையே பார்த்தாள். மறுபடியும் முளைக்குச்சி. மறுபடியும் யாரும் கேட்காமல். ஆடு என் பேரில் இருக்கிறது என்று கத்தலாம். பேரை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கவா என்பார்கள். அழலாம், அழுதால் சிரிப்பார்கள். என்ன செய்வது என்று தவித்த அந்தக் கணத்தில்தான், நேற்றிலிருந்து எதை மறைத்து நடுங்கிக்கொண்டிருந்தாளோ அதுவே கைக்கு வாட்டமான தடியாகத் தெரிந்தது.

"ஏறாதீங்க," என்றாள் புருஷனிடம். "தீட்டுப் பரணு அது. நேத்து நான் ஏறினேன்."

இருசப்பன் பலகையிலிருந்து காலை வெடுக்கென்று எடுத்தான். ஆதிமூலம் கையிலிருந்த கயிறு தரையில் விழுந்தது. அதை எடுக்கக்கூட அவர் குனியவில்லை.

"இன்னா சொன்ன?"

"பரண் ஏறினேன்னு சொன்னேன். செவலைக்குக் குட்டி மாட்டிக்கிச்சு, ஏறி இழுத்துப் போட்டேன். ஆடு, குட்டி, கிடா எல்லாம் தீட்டுல நிக்குது. தொட்டா உங்க கையால போட்ட வெத மொளைக்காது. பாத்துக்குங்க."

அன்று சாயங்காலமே ஊர்க்கூட்டம் கூடியது. வழக்கு வைத்தவரே தீர்ப்பும் சொல்வது நாவக்காட்டுக்குப் புதிதில்லை.

"பரண்ல சாமி இருக்குது. அது தெரியுமா உனக்கு?" என்றார் ஆதிமூலம்.

"நான் போனப்ப பீடித் துண்டும் குவார்ட்டர் பாட்டிலும்தான் இருந்திச்சு மாமா. சாமியோடதான்னு எனக்குத் தெரியல."

கூட்டத்தில் யாரோ இருமலில் சிரிப்பை மறைத்தார்கள். இருசப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாயி ஜாஸ்தியாப் போச்சு. வுழுந்து தப்புன்னு சொல்லு. ஊரு மன்னிச்சிடும்."

"உங்க புது வூட்டு மாடிக்கு தைலாக்கா ஏறினாங்க. நான் கண்ணால பாத்தேன். அதுக்கு வுழுந்தாங்களா?"

"அது மாடி. இது பரணு."

"யாரு சொன்னா இத பரணுன்னு?"

"டாக்டரு சொன்னாரு. நீயும் உக்காந்து கேட்டுக்கினுதான் இருந்த."

"சரிங்க மாமா. டாக்டரு சொன்னா பரணு. பரணுன்னா தீட்டு. தீட்டுன்னா தொடக்கூடாது. அப்பிடியே இருக்கட்டும். நான் வுழமாட்டேன்."

கூட்டத்துக்கு இது புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. விதை பரணில் சிக்கினால் வீடு பட்டினி. பெண் விழுந்துதான் ஆக வேண்டும். ஆனால் ஆடு விதை இல்லை. அதற்குக் கால் இருக்கிறது, இறங்கி மேயும், ஏறிப் படுக்கும். ஆம்பளை கை படாவிட்டால் அது மெலியாது. தீட்டுப் பட்ட ஆட்டைப் பார்த்துக்கொள்ளத் தீட்டுப் பட்டவள் போதும். இந்தச் சட்டம் போட்ட பெரியவர்கள் பரணில் ஆடு ஏறும் என்று நினைத்திருக்க மாட்டார்கள், பாவம்.

மூப்பன் வேறு வழியில்லாமல் அவளை ஊரை விட்டு விலக்கி வைத்தார். யாரும் அவளோடு பேசக்கூடாது, நெருப்பு கொடுக்கக்கூடாது. இருசப்பன் படுக்கைச் சுருட்டை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனான். போகும்போது வாசலில் நின்று, "ஒரு வார்த்த சொல்லிட்டா இன்னா கொறஞ்சுடும்?" என்றான். அவன் போனபிறகு வெகுநேரம் கதவுப்பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வலிக்காமல் இருக்குமா? வலித்தது. ஆனால் விடிந்ததும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மேலே ஏறினாள்.

பீடித் துண்டைக் கூட்டித் தள்ளினாள். சந்துகளைக் குச்சியால் குத்தி அடைப்பை எடுத்தாள். தழையை அவளே கட்டினாள். கட்டுவதற்கு யாரையும் தேடி அலைய வேண்டியதில்லை என்பதே பாதிப் பாரம் குறைந்த மாதிரி இருந்தது. ஆடுகளுக்கு இரண்டு வாரத்தில் முதுகு நிரம்பிவிட்டது.

டாக்டர் தனசேகரன் தடுப்பூசி போட வந்தபோது விவரம் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். மனிதர் கெட்டவர் இல்லை. தகராறு என்றால் ஆகாது, அவ்வளவுதான்.

"குடும்ப விஷயம். இதுல நான் தலையிட முடியாதும்மா. ஒரு வார்த்தைதானே, சொல்லிட்டுப் போங்களேன்."

"ஒரு வார்த்ததான் சார். அதனாலதான் சொல்லமாட்டேன். நீங்க ஒரு வார்த்த சொன்னதுக்கே இந்தப் பாடு."

அவர் ஊசியைப் போட்டுவிட்டுப் போனார்.

ஊர் வாய் அடைத்தது என்றா நினைக்கிறீர்கள்? பொம்பளைகளை ஓடையில் ஒன்றாகத் துணி துவைக்க விட்டுவிட்டுப் பேசக்கூடாது என்றால் நடக்கிற காரியமா? குஞ்சம்மாளோடு பேசக்கூடாது என்றுதான் கட்டளை. ஆட்டோடு பேசக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. விருந்து நெருங்க நெருங்க ஓடைக்கரையில் ஆளாளுக்கு ஆட்டைக் கூட்டிக்கொண்டு வந்து பேச ஆரம்பித்தார்கள்.

முதலில் செவ்வந்தி தன் ஆட்டின் முகத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "கேளுடி ஆடே. குஞ்சம்மா வூட்டு மூணும் இல்லேன்னு ஆயிப்போச்சாம். அதனால எங்க வூட்லதான் ரெண்டா எடுக்கப் போறாங்களாம். உன்னியும் உன் அக்காளையும் சேத்து."

குஞ்சம்மாள் தன் செவலையின் காதில் சொன்னாள். "அவங்களக் கேட்டாங்களான்னு கேளுடி செவலை."

"எந்த நாளு கேட்டாங்க?" என்றாள் செவ்வந்தி, ஆட்டிடம்.

கடைசிக் கல்லில் தைலம்மாள் துவைத்துக்கொண்டிருந்தாள். அவள் இருக்கும்போது இவ்வளவு பேசியதே அதிகம். எல்லாரும் அவளைப் பார்க்காமல் பார்த்தார்கள். தைலம்மாள் சேலையைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த தன் கிடாவிடம் குனிந்தாள்.

"ஏ கிடா, பரண் மேல ஏறினா காலு நடுங்குமாடா?"

குஞ்சம்மாள் செவலையைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள், குரல் எல்லாருக்கும் கேட்கும்படி. "மொத ரெண்டு அடி நடுங்கும்னு சொல்லுடி. அப்புறம் பீடித் துண்டுதான் காலுல குத்தும்."

அதற்குமேல் யாரும் ஆட்டோடுகூடப் பேசவில்லை. தைலம்மாள் கிடாவை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். ஏன்தான் அப்படிக் கேட்டாளோ, கேட்டுவிட்டுப் புருஷனிடம் போய்ச் சொல்லிவிடுவாளோ என்று செவ்வந்திக்கு அன்று முழுக்கக் கலக்கம்.

விருந்து நாள் வந்தது. ஆதிமூலத்தின் புதுவீட்டு வாசலில் பந்தல் போட்டு, கோட்டை அடுப்பில் அண்டா ஏற்றியாயிற்று. சமையல்காரர் மசாலாவை அரைத்து வைத்துக்கொண்டு ஆடு எங்கே, ஆடு எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார். காண்ட்ராக்டர் பூமாலையின் ஜீப் வந்து நின்றது. ஆதிமூலம் வெள்ளை வேட்டியில் எல்லாரையும் வரவேற்று உட்காரவைத்துவிட்டு, தம்பியையும் இரண்டு ஆட்களையும் கூட்டிக்கொண்டு கொட்டகைகள் பக்கம் வந்தார். முதலில் தன் வீட்டுக் கொட்டகைதான். ஊருக்கு முன்மாதிரி வேண்டுமல்லவா?

மேலே தைலம்மாள் உட்கார்ந்திருந்தாள். விருந்துக்கென்று எடுத்த புதுப்புடவை. கையில் துடைப்பம். வாயில் வெற்றிலை.

ஆதிமூலம் பல்லைக் கடித்துக்கொண்டு, ஜீப்காரர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார். "எறங்குடி. மானத்த வாங்காத."

"குப்பையாக் கெடந்திச்சு. பெருக்க ஏறினேன்," என்றாள் தைலம்மாள். வெற்றிலைச் சாற்றைப் பின்பக்கம் துப்பினாள். "தீட்டாப் பூடுச்சு. நீங்க தொடாதீங்க."

அவர் அடுத்த கொட்டகையைப் பார்த்தார். அதில் செவ்வந்தி நின்றாள், இரண்டு ஆட்டின் கழுத்தையும் கட்டிக்கொண்டு. அதற்கடுத்ததில் கொளஞ்சியம்மாள். அதற்கும் அடுத்ததில் இன்னொருத்தி. கடைசிக் கொட்டகையில் குஞ்சம்மாள் நின்றாள். அவள் வழக்கமாக நிற்கிற இடம். மற்றவர்கள் ஏறியது அவளுக்கே புதுச் செய்தி. முந்தின நாள்வரை யாரும் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆட்டிடம்கூட. வரிசையைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கண் கலங்கிப்போயிற்று. துடைத்துக்கொண்டாள், அழுகிற நேரம் இல்லை இது.

பந்தலிலிருந்து ஆட்கள் எழுந்து வர ஆரம்பித்தார்கள். பூமாலையும் வந்தார். சமையல்காரர் கரண்டியோடு வந்தார். ஆதிமூலம் ஒரு முடிவுக்கு வந்தவராகத் தொண்டையைச் செருமினார். மூப்பன் என்றால் சும்மாவா, சட்டம் அவர் வாயில்தானே இருக்கிறது.

"எல்லாரும் கேட்டுக்குங்க. இது பரணே இல்ல. டாக்டரு தெரியாத்தனமா சொல்லிட்டாரு. இது ஆட்டுக் கொட்டகை. கொட்டகைக்கு ஏது தீட்டு? டேய், ஏறி அவுருங்கடா."

ஆம்பளைகளுக்கு அப்பாடா என்று இருந்தது. இருசப்பன் பலகையில் கால் வைத்தான்.

"நில்லுங்க," என்றாள் குஞ்சம்மாள், கடைசிக் கொட்டகையிலிருந்து. இருசப்பன் நின்றான். "மாமா, கொட்டகைன்னு உங்க வாயால சொல்லிட்டீங்க."

"சொன்னேன். அதுக்கு இன்னா இப்ப?"

"அப்ப நான் ஏறினதுல தப்பு இல்ல."

ஆதிமூலம் ஜீப்காரர்களைப் பார்த்தார். அண்டாவைப் பார்த்தார்.

"இல்ல."

"என்ன வெலக்கி வச்சதும் இல்ல."

"அதுவும் இல்ல. போதுமா? ஆட்ட வுடு."

"கொட்டகைன்னா அது யாரு பேர்ல வந்திச்சோ அவங்களுது. ஏழும் எங்க ஏழு பேருது. ஆடு வேணும்னா மேல இருக்கறவங்களக் கேளுங்க. கேட்டுட்டு ஏறுங்க."

"கேக்கணுமா?"

"கேக்கணும். பரணுன்னா தொடக்கூடாது. கொட்டகைன்னா கேட்டுத்தான் தொடணும். எதுன்னு நீங்களே சொல்லுங்க."

பூமாலை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எடு, கொடு, வை, வா, போ என்பதைத் தவிர பெண்சாதியிடம் வேறு மாதிரி பேசி ஆதிமூலத்துக்குப் பழக்கமில்லை. எப்படிக் கேட்பது என்று அவருக்கே விளங்கவில்லை. மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அண்ணாந்து பார்த்தார். அந்த ஊரில் அவர் அண்ணாந்து பார்த்துப் பேசியதை அதற்குமுன் யாரும் கண்டதில்லை.

"தைலா," என்றார். "ஆடு மூணு வேணும். குடுக்கறியா?"

தைலம்மாள் துடைப்பத்தைக் கீழே வைத்தாள். திரும்பித் தன் ஆடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். குஞ்சம்மாளுக்கு நம்பிக்கை இல்லை. ஆயிரம் இருந்தாலும் அவள் வீட்டு விருந்து, அவள் புருஷன், அவள் புதுவீடு. மேலும் வாய்விட்டுக் கேட்டுவிட்டார் மனிதர். கொடுத்தாலும் தைலாக்காவை யாரும் குற்றம் சொல்ல முடியாது என்று தன் மனதைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தாள். மனம் தேறவில்லை.

"கல்யாணம் ஆன நாளையிலேருந்து ஒண்ணு குடுன்னு நீங்க என்னக் கேட்டது இதான் மொதத் தடவ," என்றாள் தைலம்மாள். குரல் கொஞ்சம் உடைந்தது. உடைந்ததைச் சரிசெய்துகொண்டு தொடர்ந்தாள். "கேட்டதுக்கு சந்தோசம். குடுக்க முடியாது."

ஆதிமூலம் அடுத்த கொட்டகையைப் பார்த்தார். செவ்வந்தி மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். கொளஞ்சியம்மாளும் ஆட்டினாள். வரிசை முழுக்க அதே பதில்தான். அவர் குஞ்சம்மாளைக் கேட்கவேயில்லை. பதில் தெரிந்த கேள்வியைக் கேட்டு ஏழாவது முறையும் மரியாதை கெடுவானேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

சமையல்காரர்தான் பொறுக்கமாட்டாமல் கேட்டார். "இப்ப அண்டாவுல நான் இன்னாத்தப் போடறது?"

"பின்னால கொல்லையில பூசணிக்காய் கெடக்குது," என்றாள் தைலம்மாள் மேலேயிருந்து. "அதுக்கு யாரையும் கேக்க வேணாம். அறுத்து சாம்பாரு வையுங்க."